உப்புத் தின்னாதவன் குடித்த தண்ணீர்

எமிலியானுஸ் உப்புத் தின்பதில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு வசனம் காணும், அதுவே போதும். நம்ப வைக்க இரண்டு வருசமும் காணாது.

நெடுந்தீவில் கிடாரச் சமையல், பெரிய அண்டாவில் ஊருக்கே சமைக்கிறது, என்றால் அவரைத்தான் தேடுவார்கள். கலியாண வீடு, செத்தவீட்டு முப்பத்தோராம் நாள், கோயில் திருநாள், வெளிநாட்டிலிருந்து வந்து பத்து நாளுக்குள் ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டுப் பறந்துவிடுகிறவர்களின் விருந்து, எதுவானாலும் அடுப்படியில் அவர் நிற்க வேண்டும். வெட்டிக்கொடுக்க, கிளற, விறகு தள்ள ஆட்கள் உண்டு. கறி வைக்கவும் பலருக்குத் தெரியும். அவருக்கென்று இருந்தது ஒரேயொரு வேலை, உப்புப் பார்ப்பது.

கறி கொதித்து எண்ணெய் மேலே மிதந்ததும் அகப்பையால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கைக் குழியில் விடுவார். ஊதுவார். நக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிழக்கே திரும்பி நிற்பார். மூடிய கண்ணுக்கு ஏன் கிழக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த நேரம் அடுப்படியில் பேச்சு நின்றுவிடும். ‘காணும்’ என்றால் மூடியைப் போடுவார்கள். ‘காணாது’ என்றால் அவரே ஒரு பிடி அள்ளிப் போடுவார். வேறு ஒருவரும் உப்பில் கை வைக்க ஏலாது.

இந்தச் சட்டம் வந்ததற்கும் காரணம் உண்டு. பல வருசங்களுக்கு முந்தி ஒரு கலியாண வீட்டில் அவர் வெளியே போய் வந்த ஐந்து நிமிசத்துக்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பிடி போட்டார். அது தெரியாமல் பெரியம்மா ஒரு பிடி போட்டாள். வாழையிலை கொண்டுவந்தவன் தன் பங்குக்கு ஒரு பிடி போட்டான். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள். அந்தக் கறியை மாட்டுக்கு வைத்தபோது மாடு முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தவரைத் திரும்பிப் பார்த்ததாம். அன்று தொடக்கம் எந்தச் சமையலுக்குப் போனாலும் அவருடைய மனிசி அன்னமுத்து கூட வருவாள். உப்புப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, கையில் ஒரு பழைய அகப்பைக் காம்போடு இருப்பாள். நீண்டு வந்த பல கைகள் அந்தக் காம்பைக் கண்டுதான் திரும்பிப் போயிருக்கின்றன. தாய்மாமன்மார் உட்பட.

இப்படி முப்பத்தொரு வருசம் ஓடியது.

இரண்டு வருசத்துக்கு முந்திய சித்திரையில் கொதிகஞ்சி காலில் ஊற்றிப்போய் மருந்து கட்டப் போனார். வினை அங்கேதான் தொடங்கியது. கிளினிக்கில் இருந்த நேர்ஸ் மிஸ் இராசேஸ்வரி காலைக் கட்டியதோடு விட்டிருக்கலாம். கையையும் கட்டி பிறசர் பார்த்தார். நூற்றறுபதுக்கு நூறு. ஒரு குளிசையை எழுதுவித்துக் கொடுத்து, “அண்ணை, உப்பைக் குறையுங்கோ” என்று அனுப்பிவிட்டார். சாதாரணமாக எல்லோருக்கும் சொல்கிறதுதான். எல்லோரும் ஓம் என்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் கருவாட்டைப் பொரிக்கிறதுதான்.

எமிலியானுசுக்குக் குறைக்கத் தெரியாது. அவருடைய உலகத்தில் உப்பு ஒன்றில் காணும், இல்லாவிட்டால் காணாது. இரண்டுக்கும் நடுவில் குறைத்தல் என்று ஒரு நிலை இருப்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அன்றைக்கே விட்டார், முழுதாக. கருவாடு போச்சு, ஊறுகாய் போச்சு, மோர்மிளகாய் போச்சு. உப்பில்லாத புட்டு வாய்க்குள் மரத்தூள் போலக் கிடந்து இடம் தேடியது. உப்பில்லாத சொதி, கோபித்துக்கொண்டு போன தேங்காயின் கண்ணீர். மூன்று மாதத்துக்குள் அவருடைய நாக்கு வேலையில்லாமல் வீட்டில் நிற்கிற இளந்தாரியைப் போல ஆகிவிட்டது. அதற்கு என்ன கொடுத்தாலும் எரிச்சல், கொடுக்காவிட்டாலும் எரிச்சல்.

வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே. வெற்றிலையையும் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்புற்றுநோய்ப் படத்தைப் பார்த்த பயத்தில் விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரக் கட்டை வாங்கிக் கன்னத்துக் கொடுப்புக்குள் அடக்கிப் பார்த்தார். நல்ல இனிப்பு. புகை குடித்த தொண்டைக்கும் சுகம். அதற்குப் பிறகு விரல் நீளத் துண்டு ஒன்று எந்த நேரமும் அவருடைய கன்னத்துக்குள் கிடந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து துண்டு போகும். ஆனால் பெரிய ஆட்களுக்கு முன்னால் வாயில் எதையும் வைத்துக்கொண்டு நிற்கிற வளர்ப்பு அவருக்கு இல்லை. பாதரைக் கண்டாலோ, கிளினிக்கில் டொக்டருடைய கதவு திறந்தாலோ, துண்டை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். வெளியே வந்ததும் திரும்ப வாய்க்குள் போகும்.

உப்பை விட்ட மனிதனுக்குப் பிறசர் இறங்க வேண்டும். நூற்றெழுபது ஆனது. குளிசை இரண்டானது. நூற்றெண்பது ஆனது. குளிசை மூன்றானது. நூற்றுத்தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து என்று மெஷின் சொன்ன அன்று மிஸ் இராசேஸ்வரி பட்டியைக் கழற்றாமலே அவருடைய முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருசமாக ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பதிலைக் கேட்டு, ஒருநாளும் அதை நம்பாமல் பழகியவர் அவர்.

“உப்பு?”

“இல்லை மிஸ்.”

“கருவாடு?”

“மணந்தும் பாக்கிறேல்லை.”

“அண்ணை, நீங்கள் சமையல்காரன். உங்களைவிட இந்த மெஷினுக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கு?”

 அது நல்ல கேள்வி. அதுதான் கொடுமை.

செய்தி அவருக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது. தீவில் தண்ணீர்தான் பவுசர் வண்டியில் வரும், செய்தி நடந்தே வரும். அன்னமுத்து உப்புச் சிரட்டையைத் தூக்கி அலுமாரிக்குள், தன்னுடைய கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். ஊர்ச் சமையல்களில் உப்புக்குக் காவலிருந்தவளுக்கு வீட்டிலும் அதே உத்தியோகம். ரொறன்ரோவிலிருந்து மகள் நிலுஜா வீடியோவில் வந்து, “அப்பா, நாக்கை நீட்டுங்கோ பாப்பம்” என்றாள். அறுபது வயதை எட்டிப் பிடிக்கப்போகிற ஒரு தகப்பன், போனுக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மகள் அதில் என்னத்தைக் கண்டாளோ தெரியாது, “ம்” என்று மட்டும் சொன்னாள். அந்த ‘ம்’ பல நாள் அவருடைய காதுக்குள் கிடந்தது.

கோயில் மூப்பர் சந்தியோகு வேறு ஒரு ஆராய்ச்சி நடத்தினார். கிணற்றுத் தண்ணீரே உவர், உப்பு அதிலேதான் வருகிறது என்பது அவருடைய முடிவு. சரியென்று எமிலியானுஸ் கிணற்றுத் தண்ணீரை விட்டுச் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்கிக் குடித்தார். பிறசர் அசையவில்லை. அப்படியென்றால் தண்ணீர் குற்றமற்றது, குற்றவாளி நீர்தான் என்று மூப்பர் தீர்த்துவிட்டார்.

இதற்குள் அவருக்கு இன்னொரு சனியன் பிடித்தது. ஓயாத தாகம். செம்பு செம்பாகக் குடிப்பார், குடித்ததற்கு மேலே மூத்திரம் போவார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கிடாரத்தை இறக்கக் கை கொடுத்தால் கை தன்னுடையது இல்லாததுபோலத் துவளும். கணுக்கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழும். ஊர் இதிலே தாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கே அவர் செம்பைத் தூக்கினாலும் யாராவது ஒருவர் வானத்தைப் பார்த்தபடி, “உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தானே வேணும்” என்பார். களவுக்காகவும் பொய்க்காகவும் செய்த பழமொழி. ஒருவர் உண்மையாகவே தண்ணீர் குடிக்கிறபோது அதை எடுத்து எறிந்தால் அவர் என்ன மறுமொழி சொல்ல முடியும்? செம்பைக் கீழே வைத்தாலும் குற்றம் ஒப்புக்கொண்டது போலத்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில், தண்ணீர் குடிப்பதற்கென்று ஒளித்துக்கொள்ள வேண்டி வந்தது.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பிறசர் இறங்காவிட்டால் போகட்டும். தான் உப்புத் தின்னவில்லை என்பதை ஒரு மனிதராவது நம்ப வேண்டும்.

இந்த வருசம் தைமாசம் மூப்பர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, காலநிலை கதைத்து, கடைசியில் விசயத்துக்கு வந்தார். ஆவணித் திருநாள் சாப்பாட்டுக்கு வேறு ஆளைப் பார்க்கப் போகிறார்கள். கிடாரத்தடியில் மயங்கி விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது? இது முதல் காரணம். எழும்பும்போது இரண்டாவது காரணமும் வந்தது.

“நீர் குறை நினைக்கக் கூடாது. அடுப்படியிலை நிண்டால் உமக்கு நாக்கை அடக்க ஏலாது. எங்களுக்கும் உம்மை உப்புத் தீத்திச் சாகடிச்சிட்டம் எண்ட பழி வேண்டாம்.”

எமிலியானுஸ் வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து அதிமதுரக் கட்டை ஒன்றை எடுத்துக் கடித்த கடியில் அது இரண்டாக முறிந்தது.

மாசியில் கிளினிக்குக்குப் புது டொக்டர் வந்தார். பிரியவதனி என்று பெயர். முகக்கவசம் போட்ட சின்னப் பெண். இந்த டொக்டரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. எமிலியானுசுடைய முகத்தைப் பார்க்காமல் இரத்தப் பரிசோதனைக் கடதாசியைப் பார்த்தார். பொற்றாசியம் மிகக் குறைவு என்றார். உப்புத் தின்று ஏறுகிற பிறசருக்குப் பொற்றாசியம் இப்படி விழாதாம்.

பிறகு அவர் சொன்னதை எமிலியானுஸ் வீட்டுக்கு வந்து அன்னமுத்துவுக்கு மூன்று தரம் சொன்னார். சிறுநீரகத்தில் ஒரு காவல்காரன் இருக்கிறானாம். அவனுடைய வேலை, தன்னிடம் வருகிற இரத்தத்தின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஓட்டம் குறைந்தால் ரெனின் என்று ஒரு கடிதம் எழுதுவான். அந்தக் கடிதம் இரண்டு கை மாறி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிறுநீரக வடிகட்டியில் அமுக்கம் விழாமல் பிடிக்கும். அதோடு நிற்காது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டு, அங்கேயும் போகும். தொப்பி அல்டொஸ்ரெரோன் என்ற ஓமோன் சுரப்பை அனுப்பும். அது வந்து, உப்பை வெளியே விடாதே, பொற்றாசியத்தை விடு என்று கட்டளை போடும். உப்பு நின்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் அமுக்கம் ஏறும். ஐயாவுக்கு அந்தத் தொப்பி கடிதத்துக்குக் காத்திராமல் தன் பாட்டுக்குக் கட்டளை போடுகிறதோ என்று பார்க்க வேண்டும், ஓமோன் சோதனை ஒன்று என்றார் டொக்டர். எமிலியானுஸ் ஓம் என்றார்.

வேறு ஏதும் மருந்து பாவிக்கிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றார் எமிலியானுஸ். பொய்யில்லை. மருந்து என்றால் அவித்துக் குடிக்கிறது, அரைத்துப் பூசுகிறது. சட்டைப் பைக்குள் கிடந்தது கட்டை.

இரத்தம் கொழும்புக்குப் போனது. மறுமொழி வரக் கிழமைகள் ஆகும். எமிலியானுசுக்கு அந்தக் கிழமைகள் பெருநாளாகப் போயின. முதல் தடவையாக அவரைத் தவிர இன்னொருவர்மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. அல்டொஸ்ரெரோன் என்ற பெயரை மன்றாட்டு மாலையில் வருகிற புனிதரின் பெயர்போல மனப்பாடம் பண்ணிக் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

“அல்டோஸ் எண்டது ஆர்? எங்கட மேற்குப் பக்கத்து ஆளோ?” என்று மூப்பர் கேட்டார். சிரித்தவர்களில் இரண்டு பேர் எமிலியானுசின் சொந்தக்காரர்.

வைகாசி முடிகிற நேரம், கட்டை தீர்ந்துபோனதால் யாழ்ப்பாணம் போய் மனிசியின் தங்கை வீட்டில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலைப் படகுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தார். கடல் கொந்தளிப்பு. படகில் பக்கத்தில் இருந்த பிள்ளை உயிர்காப்பு அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சால்வையால் தலையை மூடி, பச்சையாகிப் போயிருந்தாள். ஆரோ அரசாங்க உத்தியோகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை என்று நினைத்தார். இரக்கம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு நீட்டினார்.

“கொடுப்புக்குள்ளை அடக்கும் பிள்ளை. சத்தி வாந்தி வராது.”

அவள் வாங்கி வாயில் வைத்தாள். இரண்டு அலை போயிற்று. பிறகு அந்தத் துண்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவருடைய கன்னத்தில் புடைத்திருந்ததைப் பார்த்தாள்.

“இது அதிமதுரமெல்லோ?”

“ஓம். நல்ல சாமான்.”

“ஐயா, நீங்கள் எமிலியானுஸ் ஐயாதானே?” சால்வையை இறக்கினாள். அவர் பதறிப்போய்க் கன்னத்துக்குள் கிடந்ததை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்தக் கை போய் வந்த வேகத்தை டொக்டர் பிரியவதனி பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தி எடுக்கிற எண்ணமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“இதை எத்தினை நாளா அடக்கிறியள்?”

“உப்பை விட்ட காலத்திலையிருந்து.”

 டொக்டருடைய கைப்பைக்குள் கொழும்பிலிருந்து வந்த மறுமொழி இருந்தது. அதை வைத்து நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். ரெனின் குறைவு. சரி, அமுக்கம் ஏறிக் கிடக்கிற இடத்தில் காவல்காரன் கடிதம் எழுதமாட்டான். ஆனால் அல்டொஸ்ரெரோனும் குறைவு. கட்டளை போடுகிற தொப்பியும் நித்திரை. அப்படியென்றால் உப்பைப் பிடித்து வைத்திருக்கிறது யார்?

என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே எமிலியானுசின் சிறுநீரகத்தைப் பற்றிப் படகில் இருந்த அறுபது பேரும் கேட்டார்கள். உடம்பில் கோட்டிசோல் என்று இன்னொரு ஓமோன் இருக்கிறது. அல்டொஸ்ரெரோன் போகிற பூட்டுக்குள் அதுவும் போகும், திறக்கும். இரத்தத்தில் அதன் அளவும் பன்மடங்கு அதிகம். அதனால் சிறுநீரகத்தில் அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொதியம் காவல் இருக்கிறது. கோட்டிசோல் வந்தால் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடும். அதிமதுரத்தில் இருக்கிற சாரம் அந்தக் காவலைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு கோட்டிசோல் எல்லாம் உள்ளே வந்து, உப்பைப் பிடி, உப்பைப் பிடி என்று கட்டளை போடும்.

எமிலியானுஸ் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று கிலோமீற்றர் கடல் போயிற்று.

“எண்டால்,” என்றார் கடைசியில், “அன்னமுத்து பலகையிலை இல்லை. வந்தவன் போனவனெல்லாம் ஒவ்வொரு பிடி போட்டிட்டாங்கள்.”

டொக்டருக்கு அன்னமுத்துவும் தெரியாது, பலகையும் தெரியாது. ஆனாலும் விளங்கியது. “ஓம் ஐயா. அதேதான்.”

“நான் உப்புத் தின்னேல்லை.”

“இல்லை ஐயா. நீங்கள் தின்னேல்லை. சாப்பாட்டிலை இயற்கையா இருக்கிற கொஞ்சத்தையும் உங்கட சிறுநீரகம் விடாமல் பிடிச்சு வைச்சிருந்தது.”

இரண்டு வருசத்தில் முதல் தடவையாக ஒரு மனித வாயிலிருந்து அந்த வசனம் வந்தது. எமிலியானுசுக்கு அழுகை வந்தது. கடல் தண்ணீர் முகத்தில் தெறித்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. உதட்டில் வழிந்ததை நக்கினார். உப்பு. அவசரமாகத் துப்பினார்.

கட்டையை விட்டால் காவல் திரும்பி எழும்பச் சில கிழமைகள் ஆகும் என்று சொல்லி, பொற்றாசியக் குளிசையும் எழுதிக் கொடுத்தார் டொக்டர். அதிமதுரப் பொட்டலம் அப்படியே கடலுக்குள் போயிற்று.

உண்மை வெளிவந்தால் ஊர் வெட்கப்படும் என்று நினைத்தவர் எமிலியானுஸ். ஊரை அவருக்கு உப்பளவில் மட்டும்தான் தெரியும். படகில் இருந்த அறுபது பேரும் இறங்குதுறையில் இறங்கி அறுபது திசைக்குப் போனார்கள். என்ஜின் சத்தத்தில் ரெனினும் கோட்டிசோலும் அடிபட்டுப்போக, கரை சேர்ந்தது ஒரேயொரு சொல்தான்: இனிப்பு. எமிலியானுஸ் உப்பில்லை, இனிப்புத்தான் களவாகத் தின்றிருக்கிறார். டொக்டரம்மா படகில் வைத்துக் கையும் களவுமாகப் பிடித்தாவாம். சட்டைப் பைக்குள் ஒளித்தவராம். பத்துப்பேர் கண்டவையாம்.

மிஸ் இராசேஸ்வரி டொக்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப களவாய் ஏதோ திண்டிருக்கிறியள்தானே.”

“களவாய் இல்லை மிஸ். மரியாதைக்கு எடுத்து வைச்சனான்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்றுவிட்டு விரலைக் குத்திச் சீனியும் பார்த்தார்.

 அலுமாரித் திறப்பு அன்னமுத்துவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஆடி முடிகிறபோது நூற்று நாற்பதுக்கு எண்பத்தைந்து. குளிசை ஒன்றாகக் குறைந்தது. தாகம் போயிற்று, கால் வீக்கம் வற்றியது, கை திரும்பித் தன் கையாயிற்று. உப்பைக் கொஞ்சமாகச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, கொஞ்சமாக என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா என்று டொக்டர் திருப்பிக் கேட்டார். தெரியாது என்று உண்மையைச் சொன்னார். அப்படியென்றால் வேண்டாம், ஆனால் கறியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்றார். அதை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, நேரே மூப்பர் வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். காலநிலை கதைக்கவில்லை. துண்டை நீட்டினார். வேறு ஆளும் அதற்குள் கிடைத்திருக்கவில்லை என்பதால் மூப்பர் தாராளமாகச் சம்மதித்தார்.

ஆவணித் திருநாளன்று ஐந்நூறு பேருக்குச் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி. பூசை முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் வரிசைக்குப் போகாமல் அடுப்படிக்கு வந்து நின்றார்கள். உப்புப் பார்க்கிறதைப் பார்க்க. அன்னமுத்து பலகையில், காம்போடு. அவர் உப்பை விட்ட பிறகு வந்த சமையல்களில் அவள்தான் சுவைத்துச் சொன்னாள், அவர் அவளுடைய முகத்தைப் பார்த்து முடிவு சொன்னார். இன்றைக்கும் அப்படிச் செய்வம் என்று அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்றார். இன்றைக்குத் தன்னுடைய நாக்கு.

ஒரு சொட்டு உள்ளங்கைக் குழியில் விழுந்தது. ஊதினார். நக்கினார். கண்ணை மூடிக் கிழக்கே திரும்பினார்.

 இரண்டு வருசம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஒரேயடியாக எல்லா விளக்கையும் போட்டதுபோல நாக்கு கூசியது. இன்னும் ஒரு கல்லு விழுந்தாலும் கறி கரித்துவிடும் என்று பட்டது.

“காணும்,” என்றார்.

முப்பத்தொரு வருசப் பழக்கம். ஒருவரும் மறுத்துச் சுவைக்கவில்லை. மூடியைப் போட்டார்கள். பால்கறிக்கும் காணும். பருப்புக்கும் காணும். சொதிக்குப் போட எடுத்த உப்பில் பாதியைத் திருப்பிப் பானைக்குள் போடச் சொன்னார்.

முதல் பந்தி இருந்தது. மூப்பர் சந்தியோகு முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் நிறுத்திவிட்டுத்தான் இருந்தார். பந்தி நீளத்துக்கும் அந்த நிறுத்தம் போயிற்று.

“எமிலியானுஸ்,” என்றார் மூப்பர், “இதிலை உப்பே இல்லையப்பா.”

ஒரு தட்டில் உப்பு வந்தது. இலை இலையாகப் போயிற்று. ஐந்நூறு பேரும் ஆளுக்கொரு கிள்ளு எடுத்துப் போட்டுப் பிசைந்து தின்றார்கள். தாய்மாமன்மாருக்கு ஒரு வழியாக விடுதலை கிடைத்தது. அடுத்த வருசத்துக்கு மண்கும்பான் பக்கத்தில் ஒரு கேட்டரிங் பெடியன் இருக்கிறான் என்று மூப்பர் யாருக்கோ சத்தமாகச் சொல்வது அடுப்படிவரை கேட்டது.

எமிலியானுஸ் விறகுக் குவியலில் இருந்து தன்னுடைய இலையில் இருந்ததைத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய நாக்குக்குக் கறி சரியாகத்தான் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் இன்னொரு கவளம் வைத்தார்.

அன்னமுத்து பலகையை விட்டு எழும்பி வந்தாள். அகப்பையில் கொஞ்சம் கறி எடுத்துக் கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். அவளுக்கு அதில் உறைப்பு இருந்தது, புளி இருந்தது, தேங்காய்ப்பால் இருந்தது. உப்பு மட்டும் பேருக்கு. அவளுடைய கை தன்பாட்டில் இடுப்புத் திறப்பில் போய் நின்றது.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “நீங்கள் உண்மையாயே ஒருநாளும் தின்னேல்லை.”

அதைக் கேட்க அவர் இரண்டு வருசம் காத்திருந்தார். கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கோடிப்புறத்தில் செம்போடு நின்ற நாளெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். அங்கே ஐந்நூறு பேர் உப்புத் தட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அவருடைய இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கறி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று அகப்பையைத் தூக்கினாள்.

“காணும்,” என்றார்.